அந்த ரெண்டு கிலோமீட்டருக்குள்ள யார் இருக்காங்க: ஒலிம்பிக், ஃபிஃபா, காமன்வெல்த் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஒலிம்பிக் கமிட்டில இருக்கிறவங்களுக்கும், உலக கால்பந்து அமைப்பான ஃபிஃபால இருக்கிறவங்களுக்கும், காமன்வெல்த் போட்டிய நடத்தறவங்களுக்கும், சுருக்கமா எந்த ஊருக்கு போட்டிய கொடுக்கலாம்னு முடிவு பண்ற எல்லாருக்கும் வணக்கம்.

நான் விளையாட்டுக்கு எதிரி இல்ல. விடிய விடிய கண்ணு முழிச்சு மேட்ச் பாக்கற ஆளு. எந்த நாடுன்னே தெரியாத ஒரு பொண்ணு கடைசி சுத்துல எல்லாரையும் தாண்டி முன்னாடி வந்தா எனக்கு இங்க கண்ணு கலங்கிடும். அதனாலதான் இதை எழுதறேன். நான் உக்காந்து ரசிச்ச ஒரு மைதானத்துக்காக எத்தனை பேரோட வீடு போச்சுன்னு படிச்ச பிறகு அந்த மைதானத்தை பழையபடி பாக்க முடியல, அந்த பாரத்தை இறக்கி வைக்கவும் தெரியல, அதான் நேரா உங்ககிட்டயே கேட்டுடலாம்னு.

நீங்க ஊர் பேரை அறிவிக்கிற அந்த நிமிஷத்தை டிவில எத்தனையோ தடவ பாத்திருக்கேன். கவரை பிரிப்பீங்க, பேரை படிப்பீங்க, ஒரு கூட்டம் எகிறி குதிச்சு ஒருத்தர ஒருத்தர் கட்டி புடிச்சு அழும். அதே நேரம் அந்த ஊர்ல, மைதானம் வரப்போற இடத்துக்கு பக்கத்துல குடியிருக்கிற ஒருத்தர் வேலைக்கு போயிட்டு வந்து சாப்பிட்டு படுத்திருப்பாரு. தன் வீட்டுக்கு அன்னைக்கே தேதி குறிச்சாச்சுன்னு அவருக்கு தெரியாது. கையெழுத்தான ஒப்பந்தத்துல அவர் பேரு எங்கயும் இருக்காது.

இது ஏதோ ஒரு ஊர்ல தப்பித்தவறி நடந்ததுன்னா நான் எழுதவே மாட்டேன். ஜெனீவாவுல இருந்து வேலை செஞ்ச வீட்டுரிமை அமைப்பு ஒண்ணு 2007ல அறிக்கை விட்டுச்சு, 20 வருஷத்துல ஒலிம்பிக்கால மட்டும் 20 லட்சம் பேருக்கு மேல இடம்பெயர்ந்திருக்காங்கன்னு. 1988 சியோல்ல 7,20,000 பேர். பெய்ஜிங்ல 2008க்குள்ள 15 லட்சம் ஆயிடும்னு அவங்க கணக்கு போட்டாங்க, சீன அரசு அதை மறுத்துச்சு, அவ்வளவெல்லாம் இல்லன்னு ரொம்ப சின்ன எண்ணிக்கைய சொல்லுச்சு. எந்த கணக்கு சரின்னு சண்டை வர்றதே எதனால, நீங்க எண்ணாததாலதானே. எத்தனை சீட்டு, எத்தனை டிக்கெட், எத்தனை கோடி பேரு பாத்தாங்கன்னு எல்லாத்துக்கும் உங்ககிட்ட நம்பர் இருக்கு. எத்தனை வீடு இடிஞ்சுதுன்னு நம்பர் வேணும்னா வெளிய இருக்கிற சின்ன சின்ன அமைப்புங்கதான் வீடு வீடா போய் எண்ண வேண்டியிருக்கு.

டோக்கியோல 1964 ஒலிம்பிக்குக்காக வீட்டை விட்டு போனவங்கள்ல சில பேரு, மைதானத்துக்கு பக்கத்துலயே கட்டின அரசு அடுக்குமாடில குடியேறி வாழ்ந்தாங்க. 2020 போட்டிக்கு புது மைதானம்னு சொல்லி அந்த அடுக்குமாடியவும் இடிச்சாங்க. ஒரே ஆளு, ஒரே வாழ்க்கைல, ரெண்டு ஒலிம்பிக்குக்கு ரெண்டு தடவ மூட்டை கட்டியிருக்காரு, ரெண்டாவது தடவ தள்ளாத வயசுல.

2016 ஒலிம்பிக் நடந்த பிரேசிலோட ரியோ கதைய கொஞ்சம் நின்னு சொல்லணும், ஏன்னா வீட்டை எப்படி எடுக்கிறாங்கங்கிறது அங்கதான் நல்லா தெரியும். விலா ஆட்டோட்ரோமோன்னு ஒரு குடியிருப்பு, ஏரிக்கரைல மீன் புடிக்கிறவங்க ஆரம்பிச்ச இடம், சுமார் 600 குடும்பம். ஆக்கிரமிப்புன்னு சொல்லிட முடியாது, 90கள்ல மாநில அரசே குடியிருக்கிற உரிமைப் பத்திரம் கொடுத்திருந்துச்சு. அதுக்கு பக்கத்துலயே ஒலிம்பிக் பார்க் வந்துச்சு. ரியோல இந்த மாதிரி இடங்கள்ல நகராட்சி ஆளுங்க முதல்ல வந்து வீட்டு சுவத்துல ஸ்ப்ரே பெயின்ட்ல எஸ்எம்எச்னு மூணு எழுத்தும் ஒரு நம்பரும் போட்டுட்டு போவாங்க. நகராட்சி வீட்டுவசதித் துறையோட சுருக்கம் அது. வேலைக்கு போயிட்டு திரும்பி வந்தா உங்க வீட்டு சுவத்துல நம்பர் இருக்கும். அதுக்கு அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர் காசு வாங்கிட்டு கிளம்புவாரு, சிலருக்கு நல்ல காசே கிடைச்சுது, அதை நான் மறைக்கல, புது அபார்ட்மென்ட் வசதியா இருக்குன்னு போனவங்களும் உண்டு. ஆனா ஒருத்தர் போனதும் அந்த வீட்டை உடனே இடிச்சு கல்லு மண்ணை அப்படியே போட்டுடுவாங்க, அப்புறம் கரண்ட் அடிக்கடி போகும், தண்ணி வராது, குப்பை எடுக்க ஆள் வராது, தெருவே பாதி இடிஞ்சு கிடக்கும், நடுவுல உங்க வீடு மட்டும் நிக்கும், குழந்தைய வச்சுக்கிட்டு எத்தனை நாள் இருப்பீங்க. இப்படி போனவங்களையும் 'விருப்பப்பட்டு போனாங்க'ன்னு கணக்குல எழுதிக்கலாம் பாருங்க, அதுதான் இதுல எனக்கு தாங்க முடியாத விஷயம்.

அந்த மக்கள் சும்மா மறியல் மட்டும் பண்ணல. ரெண்டு பல்கலைக்கழகத்தோட சேந்து உக்காந்து சொந்தமா ஒரு திட்டமே போட்டாங்க, எந்த வீட்டையும் இடிக்காம எப்படி சாக்கடை போடலாம், ரோடு போடலாம், ஏரிக்கரைய எப்படி காப்பாத்தலாம்னு, அதுவும் எல்லாரையும் வெளியேத்துற செலவை விட குறைஞ்ச செலவுல. 2013ல அந்த திட்டத்துக்கு சர்வதேச பரிசு கூட கிடைச்சுது. பரிசு கிடைச்சும் இடிச்சாங்க. 2015 ஜூன்ல குறுக்க நின்னவங்கள காவலர்கள் அடிச்சதுல ஒரு அம்மாவுக்கு மூக்கு உடைஞ்சுது. கடைசில 20 குடும்பம் மட்டும் அசையாம நின்னு, போட்டி தொடங்கறதுக்கு கொஞ்ச நாள் முன்னாடி அதே இடத்துல நகராட்சிகிட்ட இருந்து சின்னதா புது வீடு வாங்கினாங்க. 600ல 20. இடிஞ்ச வீடுகளோட மிச்சத்தை வச்சு அங்க ஒரு மியூசியம் வச்சிருக்காங்க, 'வெளியேற்றங்களின் அருங்காட்சியகம்'னு பேரு. நீங்க ஸ்விட்சர்லாந்துல வச்சிருக்கிற ஒலிம்பிக் மியூசியத்துல அந்த சுவத்து நம்பருக்கு ஒரு இடம் கொடுப்பீங்களா?

வீடு போனா கூட நாலு பேரு கேக்கறாங்க, போட்டோ வருது. தெருவுல வியாபாரம் பண்றவங்களோட பொழப்பு போறது யாருக்கும் கண்ணுலயே படாது. இடிக்கறதுக்கு அங்க ஒண்ணும் இல்லையே, ஒரு தள்ளுவண்டி, ஒரு தார்ப்பாய், ஒரு கூடை, அவ்வளவுதான். ஆனா அந்த இடம்தான் அவங்க முதல். 15 வருஷமா ஒரே முக்குல நின்னு, இந்த ஆபீஸ்காரர் பத்தரைக்கு டீக்கு வருவாரு, இந்த அம்மா வெள்ளிக்கிழமை பூ வாங்கும்னு ஒவ்வொருத்தரா சேத்து வச்ச வாடிக்கை. "ரெண்டு மாசம் தானே, அப்பறம் வந்துக்கோ"ன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு புரியறதில்ல. காலைல கடன் வாங்கி சரக்கு எடுத்து சாயங்காலம் அடைக்கிற அன்னாடங்காய்ச்சிக்கு ரெண்டு மாசம்னா அது லீவு இல்ல, கடன் ரெண்டு மடங்காகி, வண்டிய வித்து, பிள்ளைய ஸ்கூல்ல இருந்து நிறுத்தறது. திரும்பி வந்தா அந்த இடத்துல நடைபாதைய அழகு பண்ணி செடி வச்சிருப்பாங்க, நிக்க விடமாட்டாங்க.

இங்கதான் உங்க கைல எவ்வளவு அதிகாரம் இருக்குன்னு நான் பாத்தேன். பிரேசில் 2014 கால்பந்து உலகக்கோப்பைக்காக 2012ல ஒரு தனி சட்டமே போட்டுச்சு. மைதானத்தை சுத்தி ரெண்டு கிலோமீட்டர் வரைக்கும் யாரு என்ன விக்கலாம்னு ஃபிஃபாவோட சேந்து முடிவு பண்ணலாம்னு அதுல இருக்கு. இன்னொண்ணும் நடந்துச்சு. அந்த நாட்டுல மைதானத்துக்குள்ள மது விக்க கட்டுப்பாடு இருந்துச்சு, ரசிகர்களோட பாதுகாப்புக்காக வந்த கட்டுப்பாடு. உங்க ஸ்பான்சர் ஒரு பீர் கம்பெனி, அதனால போட்டி நடக்கிற வரைக்கும் அது செல்லாதுன்னு ஆக்கி வச்சீங்க. ஒரு இறையாண்மை உள்ள நாடு, அதோட பாராளுமன்றம், பீருக்காக விதிய மாத்துச்சு.

அதே நேரம் பிரேசில்ல சால்வடோர்ங்கிற ஊர்ல அக்கராஜே விக்கிற பெண்கள் என்ன பாடுபட்டாங்கன்னு பாருங்க. அக்கராஜேன்னா நம்ம வடை மாதிரி ஒண்ணு, காராமணிய ஊறவச்சு தோல் நீக்கி, அரைச்சு, வெங்காயம் உப்பு போட்டு, மாவு பொங்கி லேசாகுற வரைக்கும் கை வலிக்க அடிச்சு, சிவப்பு பனை எண்ணெய்ல பொரிச்சு, நடுவுல கீறி இறால் வச்சு கொடுப்பாங்க. வெள்ளை லேஸ் பாவாடை, தலைல கட்டு, முன்னாடி ஒரு தட்டு. ஆப்பிரிக்காவுல இருந்து அடிமையா கொண்டு வரப்பட்டவங்களோட வாரிசுங்க கைமாத்தி கைமாத்தி காப்பாத்தின தொழில் அது, 2005ல பிரேசில் அரசே அதை தேசிய பாரம்பரியம்னு பதிவு பண்ணியிருக்கு. பழைய ஃபோன்ட்டே நோவா மைதானத்துல பல வருஷமா வித்தவங்கள, புது மைதானம் கட்டினதும் உள்ளயும் கிட்டயும் விக்கக்கூடாதுன்னுட்டாங்க. அவங்க சங்கமா சேந்து, மனு போட்டு, கையெழுத்து வாங்கி, தட்டோட போய் நின்னு, கடைசில ஆறு பேருக்கு இடம் கிடைச்சுது. பீருக்கு ஒரு சட்டமே வளைஞ்சுது, இவங்களுக்கு ஆறு இடம்.

இதுலருந்து எனக்கு புரிஞ்சது ஒண்ணே ஒண்ணு. எங்களால உள்ளூர் விவகாரத்துல தலையிட முடியாது, வீடு நிலம் வியாபாரம்லாம் அந்தந்த நகராட்சி பொறுப்புன்னு நீங்க சொல்றது நிக்காது. தலையிட உங்களால முடியும், எழுதினா நடக்கும், ஸ்பான்சருக்காக எழுதினது எல்லாமே நடந்துச்சே. லண்டன் 2012 ஒலிம்பிக்குக்காக பிரிட்டன் 2006ல போட்ட சட்டத்துல, அனுமதி இல்லாம மைதானம் பக்கத்துல விளம்பரமோ வியாபாரமோ பண்ணா 20,000 பவுண்ட் வரைக்கும் அபராதம்னு இருந்துச்சு. தென்னாப்பிரிக்கா 2010 உலகக்கோப்பைக்குன்னு 56 தனி கோர்ட் வச்சாங்க, வழக்கு நாள்கணக்குல முடிஞ்சுது. டிக்கெட் திருடினா நாள்கணக்குல தீர்ப்பு, வீட்டை இடிச்சா பத்து வருஷம் கோர்ட்டு வாசல், இது என்ன நியாயம்?

தென்னாப்பிரிக்கான்னதும் டர்பன் ஞாபகம் வருது. அங்க வார்விக் சந்திப்புல விடியற்காலை சந்தைன்னு ஒண்ணு, 1910ல ஆரம்பிச்சது, நம்மூர்ல இருந்து ஒப்பந்தக் கூலியா போன குடும்பங்களோட வாரிசுங்களும் அங்க காய்கறி விக்கறாங்க. உலகக்கோப்பை வர்ற நேரமா பாத்து 2009ல அதை இடிச்சு மால் கட்டப்போறோம்னு நகராட்சி சொல்லுச்சு. வியாபாரிங்க மேல ரப்பர் குண்டு பாஞ்சுது. ஆனா அவங்க விடல, வக்கீல் வச்சு, கூட்டம் போட்டு, 2011ல அந்த முடிவையே நகராட்சி வாபஸ் வாங்கற வரைக்கும் நின்னாங்க. சந்தை நூறு வயசை தாண்டி நிக்குது. அதே நாட்டுல கேப்டவுன்ல தகரக் கொட்டகை வரிசை வரிசையா நிக்கிற ஒரு 'தற்காலிக' முகாம்ல ஆளுங்கள கொண்டு போய் விட்டாங்க. போட்டி முடிஞ்சு எத்தனையோ வருஷம் ஆகியும் அந்த தகரத்துக்குள்ள ஆளுங்க இருந்தாங்க.

டெல்லி 2010 காமன்வெல்த் பத்தி எழுதறப்ப கை கொஞ்சம் நடுங்குது. 2004ல இருந்து போட்டி வரைக்கும் குறைஞ்சது 2 லட்சம் பேரை வெளியேத்தியிருக்காங்கன்னு வீட்டுவசதி நில உரிமை அமைப்பு ஒண்ணு 2011ல எழுதிச்சு. மீதி இருந்த குடிசைங்கள வெளிநாட்டுக்காரங்க பாத்துடக்கூடாதுன்னு ரோட்டோரமா மூங்கில் தட்டி வச்சு மறைச்சாங்க. 2009 டிசம்பர் குளிர்ல ஒரு இரவு தங்குமிடத்தை இடிச்சு, அப்புறம் ஹைகோர்ட் தலையிட வேண்டியதாச்சு. மைதானம் கட்டின கூலித் தொழிலாளிங்களுக்கு குறைஞ்சபட்ச கூலி கூட போகலன்னு அதே கோர்ட் அமைச்ச குழு சொல்லுச்சு. எல்லாத்தையும் விட என்னை ரொம்ப உலுக்கினது, பட்டியல் சாதி மக்களோட முன்னேற்றத்துக்குன்னு ஒதுக்கின நிதில இருந்து நூத்துக்கணக்கான கோடி ரூபாய் போட்டி செலவுக்கு போயிருக்கு, அது தப்புன்னு உள்துறை அமைச்சரா இருந்த ப.சிதம்பரமே மாநிலங்களவைல ஒத்துக்கிட்டாரு. யாரோட குடிசைய மறைச்சாங்களோ அவங்க பிள்ளைங்க படிப்புக்கு போக வேண்டிய காசு.

கத்தார்ல மைதானம் கட்டினவங்கள பத்தி உலகமே பேசிடுச்சு, நான் ஒண்ணு மட்டும் சொல்றேன். 2022 அக்டோபர் கடைசில, போட்டிக்கு நாலு வாரம் கூட இல்லாதப்ப, தோஹாவுல வெளிநாட்டு தொழிலாளிங்க தங்கியிருந்த பத்து பன்னண்டு கட்டடத்துக்கு மேல காலி பண்ண வச்சதா ராய்ட்டர்ஸ் செய்தி போட்டுச்சு. 1,200 பேரு இருந்த ஒரு கட்டடத்துல ராத்திரி எட்டு மணிக்கு சொல்லி ரெண்டு மணி நேரம் கொடுத்திருக்காங்க. மெத்தைய பிளாட்பாரத்துல போட்டு படுத்தாங்க. இதுக்கும் உலகக்கோப்பைக்கும் சம்பந்தம் இல்லன்னு அரசாங்கம் சொல்லுச்சு. ஊரை கட்டினவன் ஊருக்கு விருந்தாளி வர்றப்ப ரோட்டுல படுக்கறான்.

ஏழை நாடு, நிர்வாகம் சரியில்ல, அதான் இப்படின்னு யாராவது சொன்னா 2024 ஒலிம்பிக் நடத்தின பாரிஸை பாருங்க. 2023 ஏப்ரல்ல இருந்து 2024 மே வரைக்கும் அந்த வட்டாரத்துல 12,545 பேரை கூடாரத்துல இருந்தும் காலி கட்டடத்துல இருந்தும் வெளியேத்தினதா 'மெடலோட மறுபக்கம்'னு பேரு வச்ச ஒரு கூட்டமைப்பு எண்ணி சொல்லுச்சு. நிறைய பேர பஸ்ல ஏத்தி வேற ஊருக்கு அனுப்பினாங்க. அதே பாரிஸ்ல சென் நதிக்கரைல பழைய புத்தகம் விக்கிறவங்களோட பெட்டிங்கள தொடக்க விழாவுக்காக எடுக்க சொல்லி உத்தரவு வந்துச்சு, அவங்க போராடினாங்க, 2024 பிப்ரவரில ஜனாதிபதி மக்ரோன் தலையிட்டு பெட்டிங்க இருக்கட்டும்னுட்டாரு. எனக்கு அதுல ரொம்ப சந்தோஷம். விழா ஒண்ணும் கெட்டுப் போகல. அப்படின்னா மாத்த முடியும், யாருக்காக மாத்தணும்னு மனசு வைக்கிறதுதான் விஷயம்.

உங்ககிட்ட மனித உரிமை கொள்கை இருக்குன்னு எனக்கு தெரியும். ஃபிஃபா 2017ல வெளியிட்டுச்சு, 2024 ஒலிம்பிக்ல இருந்து நடத்துற ஊர் ஒப்பந்தத்துலயும் அப்படி ஒரு பகுதி இருக்கு. நல்லது, எழுதினவங்களுக்கு நன்றி. ஆனா பாரிஸ் அந்த பகுதி இருந்த ஒப்பந்தத்துக்கு கீழதான் நடந்துச்சு. பிராண்ட் பேரை தப்பா போட்டா என்ன ஆகும்னு ஒப்பந்தம் தெளிவா சொல்லுது. ஒரு குடும்பத்தை தெருவுக்கு அனுப்பினா என்ன ஆகும்னு அதே தெளிவோட சொல்லல.

அதை சொல்ல வைங்க. ஊரை தேர்ந்தெடுக்கறதுக்கு முன்னாடி, விண்ணப்பத்தோடயே ஒரு பட்டியல் கேளுங்க. மைதானம், வீரர்கள் கிராமம், புது ரோடு, மெட்ரோ எல்லாத்துக்கும் தேவைப்படுற நிலத்துல எத்தனை குடும்பம் இருக்கு, வாடகைக்கு இருக்கிறவங்க எத்தனை, பட்டா இல்லாதவங்க எத்தனை, அந்த ரெண்டு கிலோமீட்டர் வட்டத்துக்குள்ள எத்தனை பேரு கடை போட்டு பொழைக்கிறாங்க, குப்பை பொறுக்கறவங்க, ரிக்‌ஷா ஓட்டறவங்க, ரோட்டுல தூங்கறவங்க எத்தனை பேர். நகராட்சி மட்டும் எண்ணக்கூடாது, வியாபாரிங்க சங்கமும் குடியிருப்பு சங்கமும் கூட இருந்து எண்ணி கையெழுத்து போடணும். வாடகைல இருக்கிறவங்கள மறந்துடாதீங்க, ஏன்னா பார்சிலோனால 1986ல இருந்து 1992க்குள்ள வீட்டு விலை ரெண்டு மடங்குக்கு மேல போச்சு. புல்டோசர் வராமயே வாடகை ஏறி காலி பண்ணினவங்க எந்த பட்டியல்லயும் வரமாட்டாங்க.

அந்த வட்டத்துக்குள்ள ஏற்கனவே விக்கிறவங்களுக்கு முதல் உரிமை கொடுங்க. சுத்தம் வேணுமா, தண்ணியும் கைகழுவ இடமும் கொடுத்து சொல்லித் தாங்க, பண்ணுவாங்க. பாதுகாப்பு வேணுமா, அட்டை போட்டு கொடுங்க. இடம் மாத்தியே ஆகணும்னா எத்தனை நாள் வியாபாரம் போச்சோ அத்தனை நாளுக்கு காசு, அதுவும் கடைய எடுக்கறதுக்கு முன்னாடி கைல. 2019ல இருந்து 2022 வரைக்கும் ஃபிஃபாவோட வருமானம் 750 கோடி டாலருக்கு மேல, அதுல இதுக்கு ஒதுக்க முடியாதுன்னு யாரும் சொல்ல முடியாது.

அப்புறம் அந்த கெடு. எல்லா ஊர்லயும் இடிக்கிறவங்க சொல்ற காரணம் ஒண்ணுதான், தேதி வந்துடுச்சு, நேரமில்ல. தேதிய வச்சது நீங்க. அதனால வீடு சம்பந்தப்பட்ட எல்லாமே, பேச்சுவார்த்தை, மாற்று வீடு, பிள்ளைங்க ஸ்கூல், வேலைக்கு போற பஸ் உட்பட, அஸ்திவாரம் தோண்டறதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கணும்னு அதுக்கும் ஒரு தேதி வைங்க. முடியலன்னா மைதானத்தோட வரைபடத்தை மாத்தணும், இல்ல இருக்கிற மைதானத்துலயே நடத்தணும். ஒப்பந்தப்படி நடக்காத ஊருக்கு போக வேண்டிய பணத்துல ஒரு பகுதிய நிறுத்தி வைக்க ஒலிம்பிக் ஒப்பந்தத்துலயே வழி வச்சிருக்கீங்க. அந்த வழிய ஒரே ஒரு தடவ, இடிஞ்ச ஒரு தெருவுக்காக பயன்படுத்தி காட்டுங்க, அடுத்த ஊர் மேயர் புல்டோசரை கூப்பிடறதுக்கு முன்னாடி பத்து தடவ யோசிப்பாரு.

2030 காமன்வெல்த்த அகமதாபாத்துக்கு கொடுத்தாச்சு, 2034 உலகக்கோப்பைய போட்டிக்கு வேற யாருமே இல்லாம சவுதிக்கு கொடுத்தாச்சு, அங்க செங்கல் சுமக்கப் போறது இந்தியாவுல இருந்தும் நேபாளத்துல இருந்தும் பங்களாதேஷ்ல இருந்தும் போற பசங்கதான். அந்த ரெண்டு ஒப்பந்தத்துலயும் இன்னும் திருத்தம் போட நேரம் இருக்கு. 2036 ஒலிம்பிக்குக்கு இன்னும் ஊரே முடிவாகல. அடுத்து கவரை பிரிக்கறதுக்கு முன்னாடி, கேக்கற ஒவ்வொரு ஊர்ல இருந்தும் அந்த பட்டியலை வாங்கி, ஓட்டு போடற ஒவ்வொருத்தரும் படிச்சுட்டு, பொதுவுல வெளியிடுங்க. அதை படிக்கறதுக்காக நான் இங்க காத்துட்டு இருக்கேன்.

இப்படிக்கு,
விடிய விடிய முழிச்சு உங்க போட்டிய பாக்கற ஒரு ரசிகர்